தண்ணீர்த்தொட்டிக்கு மூன்று ஆதாரம்

வெரோனிகாவின் ஆய்வுக் கட்டுரையில் '1903' என்ற எண்ணைச் சுற்றிப் பேராசிரியர் இராமதாஸ் சிவப்பு மையில் வட்டம் போட்டார்.

"உங்க சாரம் ஏரியா தண்ணீர்த்தொட்டிய இந்த வருஷம்தான் கட்டுனாங்கன்னு யாரு சொன்னது?"

"எங்க தெரு ஃப்ளோரான் தாத்தா சார். பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தவரு."

"ஒருத்தர் வாய்ச்சொல்லு ஆதாரமாயிடுமா? ஒண்ணுக்கொண்ணு ஒட்டுறவு இல்லாம மூணு ஆதாரம் கொண்டா. நாளைக்கு நாலு மணி. இல்லன்னா இன்டர்னல்ல முட்டைதான்."

முட்டை விழுந்தால் அந்தத் தாளில் தேற வழியில்லை. வெரோனிகா சைக்கிளை மிதித்தாள்.

மாதாகோயில் வெளியிடும் 'பங்கு மலர்' இதழில் 1903 என்று அச்சாகியிருந்தது. அப்பாடா என்றிருந்தது. அதை எழுதிய பிரான்சுவா அண்ணனை ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று போனதுதான் தப்பு.

"எனக்கென்னம்மா தெரியும்? ஃப்ளோரான் முசியே சொன்னாரு, போட்டுட்டேன்."

பிரவுசிங் சென்டருக்கு ஓடினாள். இணையப் பக்கம் ஒன்றிலும் 1903 இருந்தது. கீழே பொடி எழுத்தில், 'நன்றி: பங்கு மலர்.'

மறுநாள் காலையில் ஃப்ளோரான் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"தாத்தா, ஒங்களுக்கு யாரு சொன்னது?"

"வாய்க்கு வந்தத பேசற ஆளா நானு? படிச்சவங்க எழுதுனத பார்த்துத்தான் சொன்னேன்."

அலமாரியிலிருந்து ஒரு ஜெராக்ஸ் கட்டை எடுத்து நீட்டினார். முனைவர் பட்ட ஆய்வேடு. எழுதியவர் இராமதாஸ்.

நேற்று கையில் ஒரு ஆதாரமாவது இருந்தது. இப்போது அதுவும் சார் தலையிலேயே போய் உட்கார்ந்துகொண்டது.

மூன்றரை மணிக்கு அவர் முன்னால் நின்றாள்.

"சார், மூணு ஆதாரமும் நீங்கதான்."

முழுக் கதையையும் கேட்ட இராமதாஸ் தன் ஆய்வேட்டை எடுத்துப் புரட்டினார். அந்த இடத்தில் அடிக்குறிப்பு இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அப்போதும் இல்லை.

"பழைய பதிவேடு ஒண்ணுல பார்த்தேன். பச்சை அட்டை போட்டிருக்கும்."

"எங்க சார் இருக்கு?"

"இந்நேரம் செல்லரிச்சிருக்கும்."

ஆய்வேட்டை மூடி மேசை இழுப்பறைக்குள் தள்ளினார்.

"சரி, வருஷத்த எடுத்துடு. 'கட்டிய ஆண்டு தெரியவில்லை'ன்னு போடு. மார்க்கு போட்டுடறேன். வகுப்புல இதப் பேசிக்கிட்டிருக்காத."

வெரோனிகாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவளுடைய கட்டுரையைக் கணினியில் அடித்துக் கொடுத்த டிடிபி கடைக்கு இராமதாஸும் ஸ்கூட்டரில் வந்துவிட்டார். அந்த எண் அழிவதைக் கண்ணால் பார்த்தால்தான் அவருக்கு நிம்மதி.

கடைக்கார அஞ்சலாட்சி அதை அழித்தாள். அழித்ததும் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

"இப்பத்தான் சார் எனக்கு மனசு லேசாச்சு. ஒங்க ஆய்வேட்ட அன்னிக்கு நான்தானே அடிச்சேன்? வருஷம் வர்ற எடத்த காலியா விட்டிருந்தீங்க. நீங்க பார்த்து மாத்திக்குவீங்கன்னு, எங்க கடை போனோட கடைசி நாலு நம்பர போட்டு வெச்சேன்."