எட்டடி ஆழத்தில் நிம்மதி

நிம்மதியைத் தரையில் தேடிப் பயனில்லை, தண்ணீருக்கு அடியில்தான் தேட வேண்டும் என்று நாற்பத்தாறாவது வயதில் முடிவு செய்தேன். ஸ்கூபா வகுப்பு விளம்பரத்தில் எனக்குப் பிடித்தது ஒரே விஷயம். வாயில் ரப்பர் குழாய் இருக்கும். யாரும் பேச முடியாது.

நான் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன். பகலெல்லாம் "இந்த எழுத்து தெரியுதா?" என்று நான் கேட்கிறேன். வீட்டுக்கு வந்தால் "இதுகூடத் தெரியாதா?" என்று மனைவி கேட்கிறாள்.

"ஞாயித்துக்கிழமை நீச்சல் குளத்துக்குப் போறேன். முங்கிப் பழகணும்," என்றேன்.

"தனியாவா?"

"தனியாத்தான்."

"சரி."

பதினெட்டு வருஷத்தில் அவள் ஒற்றைச் சொல்லில் முடித்தது அன்றுதான். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

குளத்தங்கரையில் பயிற்சியாளர் சொன்னார்: "யாரும் தனியா இறங்கக் கூடாது சார். ஜோடியாத்தான். உங்க ஜோடி முன்னாடியே பேர் குடுத்துட்டாங்க."

வாத்துக்கால் மாதிரி நீண்ட ரப்பர் துடுப்புகளை மாட்டிக்கொண்டு நின்றிருந்தாள் என் மனைவி.

"மாஸ்க் இல்லன்னா உள்ளே எல்லாம் மங்கல்," என்று பயிற்சியாளர் பாடம் தொடங்கினார். "முதுகில காத்து சிலிண்டர். அந்தக் காத்தை வாய்க்கு அளவாக் குடுக்கறது இந்த ரெகுலேட்டர். மேலே மாட்டற இந்தக் காத்துச் சட்டையில காத்தை ஏத்தினா மிதப்பீங்க, இறக்கினா அமிழ்வீங்க. இடுப்பில ஈயக்கட்டி, சும்மா மிதந்துடாம இருக்க. எந்தக் காரணத்துக்கும் மூச்சை அடக்காதீங்க."

அதற்குப் பிறகு கை சைகைகள் சொல்லித்தந்தாராம். நான் என் துக்கத்தில் இருந்தேன். அவள் குறித்துக்கொண்டிருந்தாள்.

இறங்கினோம். எட்டடி ஆழம். குமிழிச் சத்தம் தவிர ஒன்றுமில்லை. எனக்குக் கண் கலங்கியது. மாஸ்க்குக்குள் துடைக்கவும் வழியில்லை. 'எப்படி இருக்கு?' என்பதுபோல் அவள் புருவத்தைத் தூக்கினாள். 'பிரமாதம்' என்று கட்டை விரலைத் தூக்கினேன். உடனே என் சட்டையைப் பிடித்து மேலே இழுத்து வந்துவிட்டாள்.

"ஏன்?" என்றேன், குழாயைத் துப்பிவிட்டு.

"நீங்கதானே சொன்னீங்க."

மறுபடி இறங்கினோம். மறுபடி கட்டை விரல். மறுபடி மேலே. மூன்றாவது முறையும் அதேதான். நான்காவது முறை சந்தேகமே வரக் கூடாதென்று இரண்டு கட்டை விரலையும் காட்டினேன். இரண்டு கையாலும் இழுத்தாள்.

பயிற்சியாளர் என் தோளைத் தொட்டார். "தண்ணின்னா பயமா சார்? கட்டை விரலைத் தூக்கினா 'மேலே கூட்டிட்டுப் போ'ன்னு அர்த்தம். நல்லா இருக்குன்னா விரலை வட்டமாக் காட்டணும்."

நான் மனைவியைப் பார்த்தேன். "நான் என்ன சொல்ல வந்தேன்னு உனக்குத் தெரியும்ல?"

"நல்லாத் தெரியும். ஆனா ஜோடி சொன்னதைத் தட்டக் கூடாதாமே. என்னிக்காவது ஒரு நாள் உங்க பேச்சைக் கேட்டா, அதுவும் குத்தமா?"

நடுங்குகிற ஆளை நாலு தடவை பத்திரமாகக் கரை சேர்த்தாள் என்று பயிற்சியாளருக்கு அவள்மேல் ஒரே மரியாதை. அடுத்த ஞாயிறு முதல் புதிதாக வருகிறவர்களுக்கு அவள் சைகை சொல்லித்தரப் போகிறாள். பயந்த ஆள் எப்படி இருப்பான் என்று காட்ட என்னைக் கூட்டிப்போகிறாள்.