டப்பி மேடம் குடித்த தண்ணீர்

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் டப்பி மேடத்துக்குத் தெரியாத வயிறே கிடையாது. ஆளின் பேர் மறந்துபோகும், முகம் மறந்துபோகும், வயிறு மட்டும் மறக்காது. ஒரு கல்யாணப் பந்தியில் வணக்கம் சொன்ன பெரிய மனிதரை யாரென்று தெரியாமல் விழித்தவர், சட்டென்று முகம் மலர்ந்து, "அட, நீங்களா! போன ஆடியில உங்களுக்கு நாக்குப்பூச்சி இருந்துதே, போயிடுச்சா?" என்று கேட்டார். அந்தப் பந்தியில் பாயசம் அப்படியே மிஞ்சியது.

தண்ணீர் வழியாக உடம்புக்குள் போகிற ஒட்டுண்ணிகள் நல்லா இருக்கிற மனுஷனை எப்படிப் பிடிக்கின்றன என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. விழுப்புரத்தில் எங்களுக்கு ஒரு சின்ன ஆபீஸ். அவரோடு ஊர் ஊராகப் போவது என் வேலை. வீட்டுக்கு வீடு மூடி போட்ட டப்பி ஒன்றைக் கொடுத்து, மறுநாள் காலையில் அவரவர் மலத்தோடு அதைத் திரும்ப வாங்க வேண்டும். அதனால்தான் அந்தப் பேர்.

ஆபீஸ் ஜீப் பாதி நாள் ஒர்க்‌ஷாப்பில் குடியிருக்கும். அப்போதெல்லாம் திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கமிருந்து டவுன் பஸ்ஸில் ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வருவார்.

"இன்னா மேடம், மீனா?" என்றார் ஒரு கண்டக்டர்.

"இல்லப்பா, மலம். ஒரு தெருவோடது."

பஸ் ஒரு பக்கமாகச் சாயும் அளவுக்குக் கூட்டம் பின்னால் ஒதுங்கியது. மேடம் பக்கத்துக் காலி சீட்டை எனக்குத் தட்டிக் காட்டினார். "குந்து தம்பி. ஏன் நின்னுக்கினே வர்ற?"

நோயாளிகள் அவருக்கு வேண்டாம். திடகாத்திரமான ஆள்தான் வேண்டும். ஏர் ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர், "உடம்பு நல்லா இருக்கறவன்கிட்ட வந்து இத கேக்கறியே, ஆஸ்பத்திரில போயி கேளும்மா" என்று விரட்டினார். மேடம் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். "நோவு வந்தவன் ஊசி போட்டுக்குவான். நல்லா இருக்கறவன் வயித்துலதான் அது சத்தமில்லாம குந்திக்கினு இருக்கும். அவனுக்கு ஒண்ணும் ஆவாது. அவன்கிட்டேர்ந்து தண்ணிக்குப் போயி, தண்ணிலேர்ந்து கொழந்தைக்குப் போவும்." கடைசியில் அந்த மனிதர் மாட்டை நிறுத்திவிட்டு டப்பியை வாங்கிக்கொண்டார். இல்லாவிட்டால் அன்று உழவே நடந்திருக்காது.

வெளியே எங்கேயும் தண்ணீர் குடிக்க மாட்டார். மிராசுதார் வீட்டு வெள்ளித் தம்ளரானாலும் சரி, "கொதிச்சுதா, வெறுமனே சூடாச்சுதா?" என்று குறுக்கு விசாரணை நடத்திவிட்டு, தன் பிளாஸ்கைத் திறந்துகொள்வார்.

அந்த ஐப்பசி மழையில் எங்கள் சிரிப்பெல்லாம் நின்றது.

பெண்ணையாற்றை ஒட்டி, நாங்கள் டப்பி வாங்கப் போய்வந்துகொண்டிருந்த ஒரு ஊர். காலனிக்குப் போகிற குடிதண்ணீர்க் குழாய் சாக்கடைக்குள்ளேயே படுத்துக் கிடந்தது. மழையில் எங்கேயோ விரிசல் விட்டிருக்க வேண்டும். வரிசையாகக் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. கரும்பு வெட்டப் போகிற ரோசி என்கிற பெண்ணின் கைக்குழந்தை, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே ஷேர் ஆட்டோவில் அவள் மடியில் அடங்கிவிட்டது.

அதிகாரி ஒருவர் வந்து தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கொட்டினார். "வாசனை வருதில்ல? கிருமி செத்துடுச்சு."

"இந்தக் கிருமிக்கு ஓடு இருக்கு சார். பிளீச்சிங்குக்கு அசையாது. கொதிக்க வெச்சாதான் சாவும். மொதல்ல குழாய மாத்துங்க" என்றார் மேடம்.

"நீங்க ஆராய்ச்சி பண்ணுங்க மேடம். தண்ணிய நாங்க பாத்துக்கறோம்."

அங்கிருந்து நேராக ரோசி வீட்டுக்குப் போனோம். அவளுக்கு இன்னொரு பெண் குழந்தை இருந்தது. அதுவாவது பிழைக்க வேண்டும் என்று மேடத்துக்குத் துடிப்பு. துக்க வீட்டு வாசலில் பாய் போட்டார்கள். ரோசி ஒரு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"வேணாம்மா" என்றார் மேடம், பழக்கத்தில்.

ரோசியின் கை நீட்டியபடியே நின்றது. அவள் புருஷன் தலையைத் தூக்கிப் பார்த்தான். "ஊர்க்காரங்கதான் எங்க வூட்ல தண்ணி குடிக்க மாட்டாங்க. படிச்சவங்க, நீங்களுமா மேடம்?"

வெள்ளித் தம்ளர் கதையைச் சொல்லிவிடலாம் என்று நான் வாயைத் திறந்தேன். அதற்குள் மேடம் தம்ளரை வாங்கினார். உள்ளே ஒரு கணம் பார்த்தார். அண்ணாந்து, சொட்டு விடாமல் குடித்து முடித்தார்.

"உங்க வூடுன்னு வேணாங்கலப்பா. இந்தத் தண்ணில என்னா இருக்குன்னு தெரிஞ்சிதான் வேணான்னேன். ரோசி, உன் பொண்ணுக்காவது கொதிக்க வெச்சிக் குடும்மா."

ரோசி காலித் தம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

பஸ்ஸில் நான் கத்தினேன். "தெரிஞ்சே குடிச்சீங்களே மேடம்!"

"அந்தத் தம்ளர அப்டியே அவ கையில திருப்பிக் குடுக்க எனக்கு மனசு வரல தம்பி."

ஒரு வாரத்தில் படுத்தார். வருஷக்கணக்காகக் கொதித்த தண்ணீரே குடித்த வயிறு, பச்சைத் தண்ணீர் சுத்தமாகப் பழக்கமே இல்லை. திண்டிவனத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். முதல் நாளே நர்ஸிடம் டப்பி கேட்டு, அதன்மேல் தன் பேரை எழுதி, 'ஆரோக்கியமானவர்' என்றும் எழுதி என்னிடம் கொடுத்தார். "எங்கெங்கியோ தேடினேன் தம்பி. நல்ல ஆளு நானே கெடச்சிட்டேன் பாரு." நர்ஸ் அந்தப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டாள்.

அந்த வேடிக்கையும் ரெண்டு நாள்தான். பிறகு தலையைத் தூக்க முடியவில்லை. கன்னம் ஒட்டி, கைவளையல் முழங்கை வரைக்கும் ஏறியது. ஒருநாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு சொன்னார்: "எனக்கே இப்டி முறுக்குதே. அந்தப் பச்ச மண்ணு என்னா பாடு பட்டிருக்கும்? எங்க வலிக்குதுன்னு சொல்லக்கூடத் தெரியாதே அதுக்கு." அவர் அழுது அன்றுதான் பார்த்தேன்.

விஷயம் கேள்விப்பட்டு ரோசி வந்தாள். கட்டிலின் கால்மாட்டில் வந்து நின்றாள்.

"மெய்யாலுமே அந்தத் தண்ணிதானா மேடம்?"

"ஆமாம்மா."

"எம் புள்ளைக்கும் இதானா?"

மேடம் ஆமென்று தலையை மட்டும் அசைத்தார். ரோசி அப்படியே தரையில் உட்கார்ந்து, வார்டு அதிர அழுதாள்.

ஊருக்குத் திரும்பியவள் வீடு வீடாகப் போனாள். "அந்தம்மா நம்ம தண்ணிய ஒரு தம்ளர் குடிச்சிட்டு சாவக் கெடக்குது. கொதிக்க வெய்யுங்க" என்றாள். நாங்கள் மாதக்கணக்கில் சொல்லி ஏறாதது அன்றைக்கு ஏறியது. ஆனால் மழை விடவில்லை. விறகெல்லாம் நனைந்து, அடுப்பு பற்றாத ஒரு வீட்டில் இன்னொரு குழந்தை போனது. அதற்கப்புறம் ரோசி பெண்களைச் சேர்த்துக்கொண்டு காலிக் குடங்களோடு மெயின் ரோட்டில் உட்கார்ந்தாள். கோடையில் குழாயை மாற்றினார்கள். அவளுடைய பெண் இப்போது பள்ளிக்கூடம் போகிறது.

எங்கள் ஆபீஸை மூடிவிட்டார்கள். நான் எழுத வந்துவிட்டேன். மேடம் திண்டிவனத்தில் தனியாக இருக்கிறார். அந்த வயிறு பழையபடி திரும்பவே இல்லை. கஞ்சிக்கு மேல் எது போனாலும் பேஜாருதான்.

மழை பிடித்துக்கொண்டால் நான் போன் போடுவேன். "மேடம், வயிறு எப்டி இருக்கு?"

அவருக்கு ஒளிவுமறைவு கிடையாது. நிறம், பதம், வேளை எல்லாவற்றையும் விலாவாரியாகச் சொல்வார். நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, அவர் சொல்லி முடிக்கிறவரைக்கும் கேட்டுக்கொண்டிருப்பேன்.