டாக்டர் கசாமாவின் மனைவி

மார்பு வலியைப் பற்றி என் மனைவி மிட்சுயோவிடம் மூச்சு விடுவதில்லை என்று தீர்மானித்தேன். சொன்னால் அன்றே ஆஸ்பத்திரி. எனக்கோ தையல் ஊசியைப் பார்த்தாலே தலை சுற்றும். மூச்சு விடாமல் இருப்பதில் சிரமமே இல்லை. விடத்தான் முடியவில்லை. எங்கள் ஊர் ஒதாரு முழுக்க மேடு; எங்கள் வீடு உச்சியில்.

வியாழக்கிழமைகளில் மிட்சுயோ டாக்டர் சீரியல் பார்ப்பாள். ரத்தம் காட்டுவார்கள் என்று நான் குளியல் தொட்டிக்குள் பதுங்கிக்கொள்வேன். மறுநாள் காலை மிசோ சூப்போடு கதையும் வரும். எந்த நர்சுக்கு எந்த டாக்டர் மேல் கண், யாரோடு யார் பேச்சுவார்த்தை இல்லை, எல்லாம் வரும்.

அந்த வெள்ளிக்கிழமை ஆரம்பித்தாள்.

“டாக்டர் கசாமா பெண்டாட்டிகிட்ட எதையோ மறைக்கிறாருங்க.”

“இன்னொருத்தியா?”

“அப்படின்னாகூடப் பரவாயில்லையே. நெஞ்சு வலி.”

சூப் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

“மேடு ஏறும்போது பாதியில நின்னு, கடலைப் பாக்கிற மாதிரி பாவனை பண்றாரு. கொட்டுற பனியில கடலே தெரியல.”

முந்தின நாள் நான் நின்றதும் அப்படித்தான். தெருவில் ஈ, காக்கை இல்லை.

அடுத்த வெள்ளி. “இடது கையில வலிப் பட்டை ஒட்டியிருக்காரு. வாசனை தெரியக் கூடாதுன்னு சட்டைக்கு மேல சட்டை.”

மெதுவாகக் குனிந்து பார்த்தேன். இரண்டு சட்டை.

“அவர் பெண்டாட்டிக்குத் தெரியுமா?”

“இகுமி பாவங்க. வாய் திறக்கிறதில்ல. அவரு தூங்கினதும் நெஞ்சுல காதை வெச்சுக் கேக்கிறா.”

“எதுக்கு?”

“துடிப்பு நின்னுடுச்சான்னு.”

நாங்கள் டிவி பார்த்தது போய், டிவி என்னைப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. அணைத்து வைத்தாலும் கறுப்புத் திரைக்குள் ஒருவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். நான்தான் என்று தெரியும். தெரிந்தும் துண்டால் மூடினேன்.

மூன்றாம் வெள்ளி அவள் பேசவே இல்லை.

“கசாமா எப்படி இருக்காரு?”

“சாப்பிடுங்க.”

“சொல்லு, மிட்சுயோ!”

“குளிக்கப் போனவரு... தண்ணி ஆறியும் வெளிய வரல. இகுமி கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு கூப்பிடுறா. உள்ள சொட்டுச் சொட்டுன்னு தண்ணிச் சத்தம் மட்டும். ‘தொடரும்’னு போட்டுட்டான்.”

“முன்னாடியே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா?”

“போகலையே.”

“கோட்டை எடு!”

“கசாமா கோட்டா?”

“என் கோட்டு! எனக்கு நெஞ்சு வலி!”

வாசலில் டாக்சி தயாராக நின்றது. அதைக்கூட நான் சந்தேகப்படவில்லை.

ரத்தக் குழாயில் அடைப்பு. நீக்கிவிட்டார்கள். இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் அவ்வளவுதான் என்றார் டாக்டர். ஊசி குத்தியது எனக்குத் தெரியாது, பார்த்ததுமே மயங்கிவிட்டேன்.

கண் விழித்ததும் நர்சிடம் கேட்டேன்: “வியாழக்கிழமை சீரியல்ல அந்தக் கசாமா பொழைச்சாரா?”

“அவருக்கென்ன? நல்லாத்தானே இருக்காரு.”

“அவர் பெண்டாட்டி இகுமி?”

“பெண்டாட்டியா? கல்யாணமே ஆகாத மனுஷன் சார் அவரு!”

மிட்சுயோ பக்கம் திரும்பினேன். நிதானமாக ஆப்பிள் தோலைச் சீவிக்கொண்டிருந்தாள்.

“கதை கட்டினதும் நான்தாங்க, அவருக்கு இகுமியைக் கட்டி வெச்சதும் நான்தான். வாயைத் திறங்க.”