மூணு பெல் பாஸ் போட்ட வண்டி

எங்கள் ஸ்கெலட்டன் குடியிருப்பில் எத்தனை கார் நிற்கிறதோ, அத்தனைக்கும் வாங்கலாம் என்று பாஸ் போட்டது ஒரே ஆள்தான். அந்த ஆளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. சைக்கிளே சுமாராகத்தான் ஓட்டுவார்.

அவரை மூணு பெல் என்றுதான் கூப்பிடுவோம். வேறு பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம். நாங்கள் பார்த்ததில்லை.

தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் நந்திதுர்க் சுரங்கத்தில் அவருக்கு வேலை. கேஜ் என்று ஒன்று உண்டு. ஆட்களைப் பூமிக்குள் இறக்கும் இரும்புக் கூண்டு. அதில் ஆளை ஏற்றுவார், எண்ணுவார், கதவைச் சாத்துவார், மூணு பெல் அடிப்பார். மூணு பெல் என்றால் உள்ளே இருப்பது மனுஷன், கல் இல்லை, பார்த்து இறக்கு என்று அர்த்தம். கேஜ் கீழே போகும். இவர் மேலே நிற்பார். மறுபடி வரும்வரை நிற்பார்.

கம்பெனி மூடிய பிறகு ஸ்கூல் வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலைக்குப் போனார். அங்கேயும் அதேதான். எண்ணுவார், கதவைச் சாத்துவார், வேனின் முதுகில் மூன்று தட்டு தட்டுவார். டிரைவர் எத்தனை ஹார்ன் அடித்தாலும் அந்த மூன்று தட்டு விழாமல் வேன் நகராது. இது போக வீட்டில் மூன்று பெண்களை வளர்த்தவர். பிள்ளைகளைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. வண்டியைப் பற்றி ஒன்றுமே தெரியாது. அதனால்தான் வண்டி வாங்கப் போகிறவர்கள் அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

"ஓட்றவன் வண்டிய பத்தி இன்னா சொல்லுவான்? அவன் ரோட்ட பாத்துகினு கீறான். பின்னாடி உக்காந்து வாந்தி எடுக்கறவன கேளு" என்பார்.

எனக்கு வண்டி தேவைப்பட்டது இப்படி. நான் வெல்டிங் வேலை செய்கிறவன். வீட்டில் ஆறு பேர். நான், என் மனைவி சாந்தி, முழங்கால் மடங்காத என் அப்பா (நைனா என்றுதான் கூப்பிடுவேன்), இரண்டு பெண்கள், நாலு வயதில் ஒரு பையன். என்னிடம் இருந்தது ஒரு பைக். எந்த விசேஷத்துக்கும் மூன்று தவணையாகத்தான் போவோம். சாந்தியின் தங்கை கல்யாணத்துக்கு அவள் மூன்றாவது தவணை. தாலி கட்டி முடித்து பாயசம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கு அவள் சொன்னாள். "இனிமே ஆறு பேரும் ஒண்ணா போனா நான் வரேன். இல்லன்னா நீங்களே போய் மொய் வெச்சிட்டு வாங்க."

அடுத்து வந்தது குடியாத்தத்தில் இருக்கும் என் தங்கை மகளின் காதுகுத்து. நான் தாய்மாமன். குழந்தை உட்கார வேண்டியது என் மடியில். சாந்தி இல்லாமல் போனால் என் தங்கை என்னை உயிரோடு விடமாட்டாள். சாந்தியைப் பைக்கில் கூப்பிட்டால் சாந்தி விடமாட்டாள். வண்டி வாங்க முடிவு செய்தேன்.

சாந்தி இன்னொன்றும் சொன்னாள். "பெல் மாமா பாஸ் போட்டாதான் நான் ஏறுவேன்."

ராபர்ட்சன்பேட்டையில் பெங்களூர்ப் பழைய வண்டிகள் விற்கும் இடத்துக்குப் போனோம். சிவப்பாக ஒரு எஸ்.யு.வி. நின்றது. மேலே கண்ணாடிக் கூரை. பட்டனை அமுக்கினால் திறக்கும். பார்த்தவுடனே எனக்குப் பிடித்துவிட்டது. கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோதுகூட இவ்வளவு சீக்கிரம் பிடிக்கவில்லை. இதைச் சாந்தியிடம் சொல்லவில்லை.

மூணு பெல் மஞ்சள் பையோடு வந்தார். பானெட்டைத் திறக்கவில்லை. டயரை உதைக்கவில்லை. நேராகக் கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தார். முழங்கால் தாடையில் இடித்தது.

"நல்லா கீதா சித்தப்பா?"

"நான் கர்ப்பத்துல இருந்தப்ப இப்டிதான் உக்காந்துகினு இருந்தேன்."

பையிலிருந்து ஒரு மூட்டையை எடுத்தார். சின்னக் கம்பளியில் சுற்றிய அரிசி. நாலு வயதுப் பிள்ளையின் எடை. அதைத் தோளில் சாய்த்து, முதுகில் தட்டிக்கொடுத்து, கடைசி சீட்டில் படுக்க வைத்தார். பிறகு வெளியே வந்து, நடு சீட்டை மடக்கி, மூட்டையைத் தூக்கி வெளியே எடுக்கப் பார்த்தார். மூட்டையின் தலை கதவு மேல் விளிம்பில் டொக்கென்று இடித்தது.

"முழிச்சிக்கிச்சி" என்றார்.

டை கட்டிய விற்பனைக்காரப் பையன் பதறிவிட்டான். "யாரு சார்?"

"பாப்பா."

"சார், அது அரிசி."

"உனக்கு அரிசி. சினிமா பாத்துட்டு வந்து எறங்கும்போது தெரியும். தெருவே எழுந்துக்கும்."

அடுத்து காராபூந்திப் பொட்டலத்தைப் பிரித்தார். பையன் "பேடா சார், பேடா!" என்று கன்னடத்துக்கு மாறி வேண்டாம் என்று கெஞ்சினான். அதற்குள் சீட்டில் எட்டு பூந்தி விழுந்துவிட்டது. மூணு பெல் குனிந்து தேட ஆரம்பித்தார். பத்து நிமிஷம் ஆனது.

"எட்டு போட்டேன். அஞ்சு வந்துச்சி. மூணு சீட்டு சந்துல மாட்டிக்கிச்சி. எறும்பு வரும்."

எனக்குப் பொறுக்கவில்லை. "மூணு பூந்திக்காக ஒரு காரையே வேணான்றீங்களா?"

"மூணு பூந்தின்னு ஏன் நெனக்கிற? மூணு ஆளுன்னு நெனச்சிக்கோ."

பையன் கடைசி ஆயுதத்தை எடுத்தான். கூரையைத் திறந்து காட்டினான். "சார், கொழந்தைங்க நின்னுட்டு காத்து வாங்கலாம்."

மூணு பெல் வானத்தைப் பார்த்தார். "கேஜுக்கு வெளிய தல நீட்னவன் ஒருத்தன நான் பாத்து கீறேன்."

"அப்புறம் சார்?"

"அப்புறம் பாக்கல."

பையன் கூரையை மூடிவிட்டான். சிவப்பு வண்டி ஃபெயில்.

அதற்கப்புறம் ஐந்து வண்டி பார்த்தோம். ஒன்றில் மாவுத் தூக்கு வைக்க இடமில்லை. ஒன்றில் டிரைவர் கண்ணாடியில் கடைசி சீட்டுப் பிள்ளை தெரியவில்லை. ஒன்றில் ஈரக்குடையை எங்கே வைத்தாலும் தண்ணீர் ஸ்கூல் பைக்கே போனது. குடையை அவர் வீட்டிலேயே நனைத்துக் கொண்டுவந்திருந்தார். கடைக்காரர்கள் எங்களைப் பார்த்தாலே ஷட்டரைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

ஏழாவது வண்டி மூலையில் கிடந்தது. சதுரமாக, உயரமாக, ராகிக் களி நிறத்தில். சீட்டெல்லாம் ரெக்சின். தெருவில் அதை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரிந்தது. மூணு பெல் ஏறினார். பாப்பா தூங்கியபடியே வெளியே வந்தாள். எட்டு பூந்தியும் வந்தது. ஒரு டம்ளர் தண்ணீரைச் சீட்டில் ஊற்றித் துண்டால் துடைத்தார். போய்விட்டது.

"தெருவுக்குக் கொண்டா" என்றார்.

எங்கள் லைன் வீடுகளுக்கு நடுவே சந்து குறுகல். அங்கே நிறுத்திக் கதவைத் திறக்கச் சொன்னார். திறந்தது. எதிர்வீட்டுச் சுவருக்கு நாலு விரல் பாக்கி. நைனாவைக் கூட்டிவந்தோம். படியில் கால் வைத்து, கைப்பிடியைப் பிடித்து, ஒரே தடவையில் ஏறிவிட்டார். முப்பது வருஷம் நந்திதுர்க்கில் பூமிக்கடியில் வேலை பார்த்தவர். அதிகம் பேசமாட்டார்.

"எப்டி கீது நைனா?"

"அவன் சரின்னா சரி."

"நீ சொல்லு நைனா."

"நான் இன்னா சொல்றது? முப்பது வருஷம் அவன் எண்ணி எறக்கனான். நான் ஒவ்வொரு தபாவும் மேல வந்தேன்."

சிவப்பு வண்டியை அதோடு விட்டேன். களியை வாங்கினேன்.

காதுகுத்து அன்று விடியற்காலை சீர்த்தட்டு, பழம், துணி எல்லாம் ஏற்றினோம். மூணு பெல் வழியனுப்ப வந்து நின்றார். ஏற்றினார், எண்ணினார், கதவைச் சாத்தினார்.

சாந்தி கண்ணாடியை இறக்கினாள். "மாமா, ஏழு சீட்டு கீது. நாங்க ஆறு பேரு. நீங்களும் வாங்க."

"நான் எதுக்குமா? நான் அனுப்பறவன்."

"நீங்க வரலன்னா நானும் எறங்கிடுவேன்."

சாந்தி இறங்குவாள் என்று அவருக்கும் தெரியும். ஓடிப்போய் இஸ்திரி போட்ட சட்டையோடும் மஞ்சள் பையோடும் வந்தார். பின்னாடி என் பையன் பக்கத்தில் உட்கார்ந்தார். என் இரண்டாவது பெண்ணுக்கு வளைவில் வாந்தி வரும். அதற்குப் பிளாஸ்டிக் கவர் எடுத்துக் கொடுக்கும் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டார்.

பேத்தமங்கலம் தாண்டி வி.கோட்டாவில் டிபனுக்கு நிறுத்தினோம். பத்தரைக்குள் காது குத்த வேண்டும். நேரம் இருந்தது. இட்லி சாப்பிட்டோம். நைனா மெதுவாக ஏறினார். பெண்கள் ஏறினார்கள். தூங்கிவிட்ட பையனை மூணு பெல் பின்சீட்டில் படுக்க வைத்தார். தலை இடிக்கவில்லை. வெளியே வந்து எண்ணுவது கேட்டது. "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு." கதவு சாத்திய சத்தம். வண்டி முதுகில் மூன்று தட்டு.

நான் சுரங்கத்துக்காரன் மகன். மூணு பெல் விழுந்தால் கிளம்ப வேண்டும். கிளம்பினேன்.

மலைப்பாதையில் இரண்டாவது வளைவில் இரண்டாவது பெண் பின்னால் கையை நீட்டினாள். "பெல் தாத்தா, கவரு!"

இன்னொரு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பெல் தாத்தா, சீக்கிரம்!"

கவர் வரவில்லை. வர வேண்டியது வந்துவிட்டது. ரெக்சின் சீட்டு என்பதால் பிரச்சனை இல்லை. சாந்தி திரும்பிப் பார்த்தாள். பின்சீட்டில் பையன் தூங்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் மஞ்சள் பை மட்டும்.

"மாமா எங்க?"

அவர் நம்பருக்கு அடித்தாள். மஞ்சள் பைக்குள் மணி அடித்தது.

எண்ணி, கதவைச் சாத்தி, பெல் அடித்து எங்களை அனுப்பிவிட்டு, மனுஷன் வி.கோட்டாவில் நிற்கிறார்.

மணி எட்டே முக்கால். திரும்பிப் போய்வந்தால் பத்தரை நிச்சயமில்லை. தாய்மாமன் இல்லாமல் காது குத்தினார்கள் என்றால் என் தங்கை மகளுக்குக் கல்யாணமாகிப் பேரன் எடுக்கும்வரை அந்தப் பேச்சு இருக்கும். நான் சாந்தியைப் பார்த்தேன்.

"திருப்புங்க" என்றாள். மூன்றாவது தவணையில் போய்ப் பாயசம் குடித்தவள் சொன்னாள்.

திருப்பினேன். மலைப்பாதையில் களி வண்டியைத் திருப்புவது சுலபமில்லை. அப்போது தங்கை போன் அடித்தாள்.

"எங்கண்ணா வந்துகினு கீற?"

"திரும்பிகினு கீறேன்."

"எங்க திரும்பற?"

"பின்னால."

போனை வைத்துவிட்டாள்.

"பதறாதடா. அவன் நின்ன எடத்துலயே நிப்பான்" என்றார் நைனா.

நின்றார். வண்டி நின்றிருந்த அதே இடம். ஒரு அடி தள்ளவில்லை. டிபன் கடைக்காரர் வெளியே வந்து குறை சொன்னார். "நாலு வாட்டி சேர் போட்டேன். உக்காரவே மாட்றாரு. வண்டி வரும் வரும்னுதான் சொல்றாரு."

நான் இறங்கினேன். கோபமாகக் கேட்கத்தான் நினைத்தேன். "இன்னா சித்தப்பா, நீங்க ஏறவே இல்லியே?"

அவர் யோசித்தார். அப்போதுதான் அவருக்கே அது தெரிந்த மாதிரி இருந்தது.

"பெல் அடிச்சிட்டனேபா. அடிச்சவன் மேலதான நிப்பான்?"

"நாங்க திரும்பி வரலன்னா?"

"கேஜு கீழ போனா வராம எங்க போகும்?" பிறகு கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். "பையன் முழிச்சிக்கினானா?"

"இல்ல."

"பாத்தியா. நல்ல வண்டி."

ஏறினார். பையனின் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் எஞ்சினைப் போட்டேன். ஆனால் கிளம்பத் தோன்றவில்லை. ஏதோ குறைந்தது. வெளியே யாரும் இல்லை, அதுதான்.

நைனா கண்ணாடியை இறக்கினார். பின்னால் திரும்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "ஏழு" என்றார். கையை வெளியே விட்டுக் கதவில் மூன்று தட்டு தட்டினார்.

மூணு பெல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வாழ்நாள் முழுக்க அடித்தவர். அவருக்காக யாராவது அடித்தது அன்றைக்குத்தான்.

வண்டி எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். குடியாத்தத்தில் பத்தரைக்கு ஆறு நிமிஷம் இருந்தது. வாசலில் என் தங்கை இடுப்பில் கை வைத்து நின்றாள். அவள் வாயைத் திறப்பதற்குள் நாலு கதவும் திறந்து, நைனா இறங்கி, தட்டு இறங்கி, பெண்கள் இறங்கிவிட்டார்கள். மூணு பெல்லுக்கு ஒரு கையில் தூங்கும் பையன், ஒரு கையில் பழத்தட்டு. இதற்குத்தான் அந்த ஆறு வண்டியும் ஃபெயில் என்று எனக்கு அங்கே புரிந்தது. குழந்தை என் மடியில் உட்கார்ந்து ஊரைக் கூட்டி அழுதது. என் பையன் அப்போதும் முழிக்கவில்லை.

சாந்தி முன்வரிசையில் நின்றாள். முதலிலிருந்து கடைசிவரை பார்த்தாள். பாயசம் இரண்டு தடவை வாங்கினாள்.

மூணு பெல் இப்போது ஓசூரில் மூத்த மகள் வீட்டில் இருக்கிறார். அங்கே அபார்ட்மெண்ட்டில் லிப்ட் இருக்கிறதாம். காலையில் அதன் வாசலில் நின்று ஸ்கூல் பிள்ளைகளை எண்ணி ஏற்றி விடுகிறாராம். செக்யூரிட்டி புகார் கொடுத்துப் பார்த்தானாம். பிள்ளைகளின் அம்மாக்கள் அவனைத்தான் திட்டினார்களாம்.

எங்கள் வண்டி இன்னும் களி நிறம்தான். கிளம்பும்போது இப்போது என் பையன் எண்ணுகிறான். வீட்டில் நாங்கள் ஆறு பேர். அவன் ஏழு வரை எண்ணுகிறான். யாரும் திருத்துவதில்லை.