நெற்றியில் பூசிய எட்டு மாதம்

பூசை செய்யத் தெரிந்தவன் என்று ஆய்வுக்கூடத்தில் காட்டிக்கொண்டது என் தப்புதான். முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன்.

திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். செல்போனின் ஓஎல்இடி திரையில், வெளிச்சம் பிறக்கும் அடுக்குக்கு எலக்ட்ரானைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு பொருள் வேண்டும். அதைப் புதிதாகத் தயாரிப்பது என் வேலை. எட்டு மாதம் மண்டையை உடைத்ததில் அரை கிராம் வெள்ளைப் பொடி தேறியது. மறுநாள் அதைப் பெங்களூர்ச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பாவிட்டால், வரிசையில் காத்திருந்து எனக்குக் கிடைத்த முறை பறிபோய்விடும்.

அன்று சரஸ்வதி பூசை. என் உழைப்பும் சாமி முன்னால் இருக்கட்டுமே என்று பொடியைக் கண்ணாடித் தட்டில் கொட்டி வைத்தேன். பக்கத்திலேயே திருநீறு, அதே மாதிரித் தட்டில். (ஆய்வுக்கூடத்தில் வெள்ளித் தட்டுக்கு எங்கே போவது?) சூடம் காட்டி, பாதிக் கண்ணை மூடி மந்திரம் சொல்லி, எல்லோருக்கும் நானே பூசிவிட்டேன். எனக்கு மட்டும் தாராளமாக மூன்று பட்டை.

திரும்பினால் ஒரு தட்டு காலி. மற்றதை முகர்ந்தேன்; திருநீறு. அப்படியானால் நான் பூசியது எது என்று கேட்க வேண்டிய மூளை, என் பொடியை எவன் எடுத்தான் என்று கேட்டது.

பூசைக்கு வராமல் மூலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவன் என் வகுப்புத் தோழன் காதர் மட்டும்தான்.

“ஏலே காதர், எம் பொடிய எங்கல வச்ச?”

“ஒம் பொடிய நான் எதுக்குல தொடுதேன்?”

“எல்லாரும் கண்ண மூடி நின்னோம். நீ ஒருத்தன்தான் முழிச்சிருந்த!”

“வாய அடக்குங்க,” என்றார் எங்கள் பேராசிரியை. நான் அடக்கவில்லை.

காதர் தன் சோதனை வேலைக்காக இருட்டறைக்குள் போனான். நானும் விடாமல் போனேன். பஞ்சாயத்து பார்க்க எல்லோரும் பின்னாலேயே வந்தார்கள். அவன் புற ஊதா விளக்கைப் போட்டான்.

ஏழு நெற்றிகள் நீலமாக ஒளிர்ந்தன. திருநீறு அப்படி ஒளிராது; என் பொடிதான் ஒளிரும். என்னுடையது அலமாரிக் கண்ணாடியில் தெரிந்தது, மூன்று பட்டையும் ஜெகஜ்ஜோதியாக. ஒளிராத நெற்றி காதருடையது மட்டும்தான்.

“பாத்துக்கிட்டியால?” என்றான். அவன் சிரித்திருந்தால்கூடத் தேவலை. எனக்கு மானம் போயிற்று.

நெற்றிகளை பிளேடால் சுரண்டியதில் வியர்வைதான் வந்தது. பெங்களூர் முறை கைவிட்டுப் போனது. காதர் பத்து நாள் என்னிடம் பேசவில்லை. பிறகு ஒரு காலை, நான் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தபோது, அந்த வேலைக்கு வேண்டிய நைட்ரஜன் உருளையை உருட்டிக்கொண்டு வந்து, “தள்ளிக்கோல,” என்றான்.

இந்தக் கதையை என் கல்யாணத்தன்றே மனைவியிடம் சொல்லிவிட்டான். இன்றைக்கும் வீட்டில் சாவி காணாமல் போய், “எவன் எடுத்தது?” என்று நான் குரலை உயர்த்தினால் போதும். அடுக்களையிலிருந்து அவள் சத்தம் வரும்:

“பிள்ளைகளா, லைட்ட அணைங்க. மொதல்ல அப்பா நெத்தியப் பாத்துருவோம்!”