உச்சிவேளையில் வந்த உதிரிப் பாகங்கள்

"அசல் பாகம் தவிர ஓர் ஆணிகூட இந்த வண்டியில் ஏறாது" என்று கிடங்குக்காரர் சபதம் செய்து மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. வண்டி என்றால் தானாக ஓடுவதன்று. ஏதோ ஒரு பழைய போரில் படையினரின் லாரிக்குப் பின்னால் பூட்டி இழுக்கப்பட்ட இரண்டு சக்கர டிரெய்லர். முப்பது ஆண்டுகள் ஓர் ஆலையின் பொருட்கிடங்கைக் கட்டிக் காத்தவர், ஓய்வு பெற்ற மறுவாரமே அதைப் பழைய இரும்புக் கடையிலிருந்து இழுத்துவந்து வீட்டின் பின்புறத் தகரக் கொட்டகையில் நிறுத்தினார். அங்கிருந்த அவர் மனைவியின் இரண்டு தையல் இயந்திரங்களும் படுக்கையறைக்குக் குடிபெயர்ந்தன. அன்றுமுதல் அந்த அம்மையார் காலை மடக்கிக்கொண்டுதான் உறங்கினார்.

"என்னங்க, இன்னும் எத்தனை பாகம் பாக்கி?"

"நாலே நாலு. இழுவை வளையம், பின்கதவுச் சங்கிலி, விளக்கு மூடி, முன்காலை ஏத்தி இறக்கச் சுத்துற கைப்பிடி."

"கடைத்தெருவில இல்லாத சங்கிலியா?"

"படை முத்திரை இருக்கணும்மா! முத்திரை இல்லாத சங்கிலி மாடு கட்டத்தான் லாயக்கு."

"சரி, ஒரே பேச்சு. மாசக் கடைசிக்குள்ள நாலும் வந்துட்டா, கொட்டகையைப் பத்தி நான் வாயே திறக்க மாட்டேன். வரலைன்னா வண்டி வெளிய, என் மிஷின் உள்ள."

கிடங்குக்காரர் மீசையைத் தடவியபடி சம்மதித்தார். மூன்று ஆண்டுகளாகக் கிடைக்காதவை மூன்று வாரத்தில் எங்கிருந்து வரும்?

வந்தன.

மறுநாள் உச்சிவேளை. உண்ட களைப்பில் கண்ணயர்ந்தவரின் காதில், இரும்பின்மேல் இரும்பை மெல்ல வைக்கும் ஓசை விழுந்தது. எழுந்து போனார். கொட்டகை பூட்டியபடியே இருந்தது. சாவி அவர் இடுப்பில் இருந்தது. திறந்தார். வெயிலில் காய்ந்த தகரம் டக், டக்கென்று வெடித்துக்கொண்டிருக்க, டிரெய்லரின் தளத்தில் இழுவை வளையம் கிடந்தது. அதில் படை முத்திரை. துடைத்து எண்ணெய் பூசப்பட்டிருந்தது, தொட்டால் சில்லென்றிருந்தது. பக்கத்தில் பழுப்பேறிய கிடங்கு அட்டை. 'பொருள்: இழுவை வளையம், ஒன்று. பெற்றுக்கொண்டவர்:' என்று எழுதி, கோடு போட்டு விடப்பட்டிருந்தது.

வந்த பொருளுக்குக் கையொப்பமிடாமல் நகர்வது அவர் இரத்தத்தில் இல்லாத பழக்கம். பேனாவை எடுத்தார், கையெழுத்துப் போட்டார். அதன் பிறகுதான் அவருக்கு வியர்த்தது.

மறுநாள் பார்த்தபோது அட்டையைக் காணவில்லை.

"யாராவது வந்தாங்களா?"

"ஈ காக்காகூட வரலை. நான் கொல்லைப் படியிலதான் உக்காந்திருந்தேன்."

"கையெழுத்துப் போட்ட அட்டையைக் காணோம்மா."

அம்மையார் ஊசியில் நூல் கோத்தபடி, "எடுத்துக்க வேண்டியவங்க எடுத்துக்கிட்டிருப்பாங்க" என்றார். குரலில் ஏற்றமுமில்லை, இறக்கமுமில்லை.

அம்மையாரை ஐயுற அவருக்கு வழியே இல்லை. பாகங்கள் வந்தால் தோற்கப்போவது அந்த அம்மையார்தானே!

அடுத்த வாரம் சங்கிலி வந்தது. பூட்டிய கதவுக்குப் பின்னால் அது கண்ணி கண்ணியாக இழுபடும் ஓசையைப் படுத்தபடியே கேட்டார். போர்வையை இழுத்துத் தலைவரை மூடிக்கொண்டார். பிறகு விளக்கு மூடி. அவர் கதவைத் திறந்தபோது, காற்றே இல்லாத கொட்டகையில் டிரெய்லரின் மேல்துணி ஒருமுறை புடைத்து அடங்கியது, யாரோ மூச்சு விட்டதுபோல. மூன்றாம் அட்டையின் அடியில் புதிதாக ஒரு வரி இருந்தது: 'பொறுப்பாளர் வீட்டில் இருக்கவும். நேரில் வருகிறோம்.'

"வரோம்னா யாரு?"

"நீங்கதான் சொல்லணும். அசல் ஆளுங்களாத்தான் இருக்கும்."

"விளையாடாதே! இதுல ஏறிப்போனவங்க எத்தனை பேர் திரும்பி வந்தாங்களோ!"

"அவ்வளவு பயமா இருந்தா கையெழுத்துப் போடாதீங்களேன்."

"பொருள் வந்தாச்சேடீ! வந்த பொருளுக்கு எப்படிப் போடாம இருக்கறது?"

மாதத்தின் கடைசி வாரம் கைப்பிடி வந்தது. முன்காலில் தானே பொருந்தி அமர்ந்திருந்தது. அட்டையில் எழுத்து நிறைய இருந்தது. அவர் கண்ணோ எழுத்தில் இல்லை. அந்தக் கைப்பிடி இன்னும் லேசாக அசைந்துகொண்டிருந்தது. ஒப்பமிட்டுவிட்டு ஓடிவந்தார். முப்பது ஆண்டுப் பணியிலும் வாசிக்காமல் அவர் இட்ட கையொப்பம் வேறொன்றில்லை.

வெள்ளிக்கிழமை காலை வாசலில் கனத்த வண்டி ஒன்று உறுமி நின்றது. காலணிகளின் ஓசை. கிடங்குக்காரர் கதவுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டார்.

"ஐயா இருக்காரா? அருங்காட்சியகத்திலிருந்து வரோம்" என்றது உயிருள்ள ஒரு குரல். "எங்ககிட்டயும் இதே மாதிரி வண்டி ஒண்ணு இருந்துச்சு. அடிச்சட்டமே துருவேறி இத்துப்போச்சு. தேறுனது இந்த நாலு பாகம்தான். முழுசா ஒண்ணாவது நிக்கட்டும்னு உங்க வீட்டம்மா வந்து பேசினாங்க. நீங்க மனசார எழுதிக் கொடுத்ததுக்கு ரொம்ப நன்றிங்க."

"நான் எழுதிக் கொடுத்தேனா?"

அதிகாரி நான்காம் அட்டையை நீட்டினார். 'மேற்படி பாகங்கள் பொருத்திய வண்டியை அருங்காட்சியகத்துக்கு மனமுவந்து அளிக்கிறேன்.' கீழே, ஆலையே நம்பிய அந்தக் கையொப்பம்.

கிடங்குக்காரர் மனைவியை இழுத்துக்கொண்டு உள்ளே போனார். "கொட்டகை பூட்டியிருந்துச்சே!"

"பூட்டு வாங்கினா ரெண்டு சாவி தருவாங்க. நீங்க எழுந்து வர்றதுக்குள்ள வெச்சுட்டுப் பூட்டிட்டு வர எவ்வளவு நேரம்? ஸ்டோர் பாத்தவருக்கு இதுகூடத் தெரியாதா?"

"கொட்டகையைப் பத்திப் பேச மாட்டேன்னு சொன்னியே?"

"நான் ஒரு வார்த்தை பேசினேனா? வேணும்னா அவர்கிட்ட போய், இது என் கையெழுத்தில்லைன்னு சொல்லுங்க."

அதை மட்டும் அவரால் சொல்ல முடியாது. முப்பது ஆண்டில் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

மாலைக்குள் கொட்டகையில் தையல் இயந்திரங்கள் ஓடத் தொடங்கின. அடுத்த மாதம் இருவரும் அருங்காட்சியகத்துக்குப் போனார்கள். கயிறு கட்டிய மேடையில் டிரெய்லர் ஒரு குறையுமின்றி நின்றது. கிடங்குக்காரர் கண் கலங்கியபடி பித்தளைப் பலகையை வாசித்தார். அன்பளித்தவர் என்ற இடத்தில் அம்மையாரின் முழுப்பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. அதன் கீழே, பொடி எழுத்தில், 'மற்றும் கணவர்.'