ஏட்டு போயிட்டாரு!

இறால் வாங்கப் போனேன். அவ்வளவுதான் வேலை.

வீட்டுக்காரரும் கூட வந்தார். போலீஸில் ஏட்டாக இருந்து, போன மாதம்தான் ரிட்டையர் ஆனவர். அன்றிலிருந்து எனக்கு ஒரே பயம். "போலீஸ்காரங்க ரிட்டையர் ஆனா ரொம்ப நாள் தாங்க மாட்டாங்களாம்"னு அவருடைய பிரிவு உபசார விழாவிலேயே யாரோ சொல்லித் தொலைத்தார்கள். அதுவும் சாப்பாட்டுப் பந்தியில்!

அதனால் அவர் தும்மினால்கூட எனக்குத் திக்கென்கிறது.

"இன்னாம்மே, வெயில் தாங்கல. நீ போய் வாங்கினு வா" என்று எங்கள் ஊரின் பழைய டச்சுக்காரன் கல்லறைத் தோட்டத்து வாசல் நிழலில் உட்கார்ந்துவிட்டார்.

இறால் விற்கும் எங்கள் குப்பத்து ஏகவல்லியிடம் பேரம் பேசி, அவளையும் அழைத்துக்கொண்டு திரும்பினேன்.

மனுஷன் மல்லாந்து கிடக்கிறார்! வாய் திறந்திருக்கிறது. உதட்டில் ஈ. தலைக்கு மேலே வாசல் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடு!

தொட்டுப் பார்த்திருக்கலாம். கூப்பிட்டாவது பார்த்திருக்கலாம். நானா? இறாலைக் கீழே போட்டுவிட்டு, "ஐயோ, போயிட்டாரே!"னு தெருவில் ஓடினேன்.

எங்கள் குப்பத்தில் சாவு விழுந்தால் அன்று யாரும் படகு இறக்கக் கூடாது. ஏகவல்லி நேராக ஏரிக்கரைக்கு ஓடினாள்.

"ஏட்டு மாமா பூட்டாரு! வலைய ஏத்தாதீங்க!"

கிளம்பிவிட்ட படகுகளையும் துண்டை வீசித் திருப்பிவிட்டார்கள். இறால் நன்றாகப் படுகிற நாள் வேறு!

ஊரே கல்லறைக்கு வந்தது. பெண்கள் மாரில் அடித்துக்கொண்டார்கள். ஒருவர் மாலையோடு குனிந்தார்.

ஏட்டு ஒரு கண்ணைத் திறந்தார்.

"இன்னா இங்க கூட்டம்? கலைஞ்சு போங்க!"

திருவிழா பந்தோபஸ்தில் ஸ்பீக்கர் பக்கத்திலேயே தூங்கிப் பழகியவர். என் கூச்சலா எழுப்பும்?

"அப்போ படகு எடுக்கலாமா, நைனா?" என்று ஏகவல்லி தன் அப்பாவைக் கேட்டாள். அவர்தான் ஊர்த் தலைவர்.

"சாவு சொல்லியாச்சு. இன்னிக்கு ஏரி இல்ல."

"ஆளு உசுரோட கீறாரே!"

"அதுக்கு நான் இன்னா பண்றது?"

எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

"ஏன் அத்த, மூச்சு கீதானு பாத்துட்டுக் கத்தியிருக்கக் கூடாதா?" என்றாள் ஏகவல்லி.

"பொயப்பு போச்சு. இன்னிக்கு எல்லாருக்கும் சோறு உங்க வூட்லதான்!" என்றார் மாலைக்காரர்.

போட்டேன். வேறு வழி? செத்தவர்தான் முதல் பந்தியில் உட்கார்ந்து இரண்டு தரம் குழம்பு கேட்டார்.

இப்போதெல்லாம் நான் கத்துவதில்லை. அவர் கண்ணை மூடினால் மூக்கடியில் விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று மட்டும் பார்க்கிறேன். கூச்சலுக்கு எழாதவர், விரல் பட்டதும் விழித்துக்கொள்கிறார். பாவம், மனுஷன் தூங்கியே பல நாளாகிறது.